கறுப்பு பம்பருக்குத் திருநீறு

மோகனா,

பூ லோரி வந்துவிட்டது, ரிங்லெட் டவுன் வரைக்கும் போய் வருகிறேன். பருப்புக் குழம்பு அடுப்பில் இருக்கிறது.

"இவளுக்கு ரிவர்ஸ் எடுக்க வராதுலா" என்று உன் தம்பி முன்னால் நான் சொன்னதிலிருந்து இரண்டு நாளாக நீ வாயே திறக்கவில்லை. சமாதானத்துக்குத்தான் காலையில் உன் காருக்கு மெழுகு பாலிஷ் போட்டேன். தாராள மனசில் கறுப்பு பிளாஸ்டிக் பம்பருக்கும் சேர்த்துப் பூசிவிட்டேன். காய்ந்ததும் மெழுகு வெளுத்து, அது பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறது.

இடது பக்கத்தை வெந்நீரில் பாத்திரச் சோப்பைக் கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டேன். இடுக்கில் ஒட்டியதற்கு, நீ ரொட்டிக்கு ஒளித்து வைத்திருக்கும் கடலை பட்டரைத் தடவித் துடைத்தேன். அந்த எண்ணெய்க்கு மெழுகு இளகிக்கொடுக்கிறது. போத்தல் காலி. வலது பக்கத்தை நீ வெறும் துணியால் தேய்த்துவிடாதே, இன்னும் உள்ளே இறங்கும். மதியம் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

பி.கு.: பம்பர் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமலிருக்கக் காரைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ரிவர்ஸ் எடுத்ததில் உன் ரோஜாத் தொட்டி உடைந்துபோய்விட்டது.

இன்னும் ஒன்று: சமாதானத்துக்கு இனி நீ சொல்வதுதான் விலை, குறைத்துக் கேட்க மாட்டேன். ஆனால் ஏதாவது சொல். வாயே திறக்காதவளிடம் நான் எப்படிப் பேரம் பேசுவது?

ஹரிதாஸ்