அக்காவுக்குத் தைத்த உடை

அம்மா,

என் மூத்த மகள் கிளாராவைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்கள் கடிதம் ரைன் நதியைத் தாண்டி வந்துவிட்டது. அவளுக்கு நிச்சயித்த துரிங்கிய நாட்டு இளவரசனுக்கு அவள் தங்கையை அனுப்ப வேண்டுமாம். சம்பந்தம் கைவிட்டுப் போகக்கூடாதாம்.

என் அக்கா ஜூட்டா செத்தபோதும் இதைத்தானே செய்தீர்கள்? அவளுடைய கல்யாண உடையை எனக்குப் போட்டுவிட்டு, நீளத்தை மடித்துத் தைத்தீர்கள். "அழாதடி! கல்யாணப் பத்திரத்துல நம்ம வீட்டுப் பொண்ணுன்னுதான் இருக்கு. எந்தப் பொண்ணா இருந்தா அவங்களுக்கு என்ன?" என்றீர்கள்.

என் கணவர் இன்றும் கோபம் வந்தால் என்னை ஜூட்டா என்றுதான் கூப்பிடுகிறார்.

அதே உடையைச் சின்னவளுக்குப் பிடித்துத் தைக்கச் சொல்கிறீர்கள். அதைக் கிளாராவுக்கு உடுத்திவிட்டுத்தான் அவளைப் புதைத்தேன். வேண்டுமென்றால் நீங்களே வந்து தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள். சின்னவள் என்னோடுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உங்களுக்கு மிச்சமிருந்த மகள்