ராத்தாவின் மலைச்செடி விவகாரம்

அன்புள்ள ராத்தா,

கல்முனை வாழ் பெருமக்களுக்குத் துயரத்துடன் அறிவிப்பது: நீங்கள் படிப்பிக்கும் நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்த ஐந்திலை மலைச்செடியின் கடைசி மஞ்சள் பூவும் இன்று உதிர்ந்தது.

ஃபோனில் என்னை ப்ளொக் பண்ணிவிட்டீர்கள், அதனால்தான் கடிதம். செடியில் பிளாஸ்டிக் பூவைச் செருகிப் படம் அனுப்பியது பகிடிக்கு. அதற்காகச் செடியைக் கொன்றதும் நான்தான் என்று வீடே தீர்ப்புச் சொல்வதா? என்ன அநியாயம்!

நீங்கள் சொன்னபடியே கல்லும் மணலும் கலந்து நட்டேன். எரு போடவில்லை. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட்டேன். உம்மாதான் சாடியைத் தூக்கி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு எடுக்கும் பைப்படியில் வைத்தார். ஐந்து வேளையும் அதற்குக் குளிப்பு! கேட்டால், "வாடிக் கிடக்குது, தண்ணி குடுத்தா குத்தமாடா?" என்கிறார். வாப்பாவோ, "குளிருல பொறந்தது, நம்மட வெக்கையத் தாங்குமா?" என்று சிரிக்கிறார்.

நான்தான் அதை மீட்டுக் காலை வெயில் படும் மதிலோரம் வைத்தேன். மலைச்செடி வளர்க்கத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

ஆனால் ராத்தா, வாப்பா சொன்ன வெக்கை மனதில் நின்றுவிட்டது. கடற்கரையில் மீன் பெட்டிகளில் மிஞ்சிய ஐஸை அள்ளிவந்து தினமும் மத்தியானம் செடியின் அடியில் போட்டேன். பூனைகள் வந்து சாடியை நக்கிய பிறகுதான் அது உப்பும் மீனும் ஊறிய தண்ணீர் என்று எனக்கு உறைத்தது.

மண்ணை மாற்றிவிட்டேன். அடியில் ஒரு துளிர் பச்சையாக இருக்கிறது. சத்தியமாக, இது பிளாஸ்டிக் இல்லை.

உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி