வாயில் சோறு இருக்கையில் காசு கேட்காதவளுக்கு

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோவித்துக்கொள்ளாதே. பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான்.

சாயங்காலம் அவனுக்குக் கூழ் ஊட்டிவிட்டுத் தண்ணீரை நீட்டினேன். என்னை அறியாமல் வந்தது வகுப்பில் படித்த அந்த பிரெஞ்சு வாக்கியம்: "வூ தேசிரே கெல்க் ஷோஸ் ஆ புவார்?" குடிக்க ஏதாவது வேண்டுமா? அவன் சிரித்தான். "பிள்ளைக்கு என்னத்தா மந்திரிக்கிற?" என்றார் மாமியார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீ போனதிலிருந்தே அப்படித்தான்.

விமானப் பணிப்பெண் பயிற்சிக்காகக் கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போவோமே, அந்த பஸ்ஸில் இதே கேள்வியை நீ கண்டக்டரிடம் கேட்டாய். "காபி வேணுமான்னு கேக்குறாண்ணே" என்றேன் நான். "ஓசின்னா ரெண்டு குடு. மொதல்ல டிக்கெட்ட எடு" என்றார் அவர்.

வகுப்பில் உன்னிடம் தள்ளுவண்டியைக் கொடுத்து, விமானத்தில் விற்பதுபோல் செய்துகாட்டச் சொன்னார்கள். சாண்ட்விச், காபி, ஐஸ் போடவா என்ற கேள்வி, எல்லாம் பிசகாமல் சொன்னாய். கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய். "காசு யாரும்மா வாங்குறது?" என்றார் சார்.

"சாப்ட்டு முடிக்கட்டும் சார். எங்கம்மா இட்லிக் கடையில வாயில சோறு இருக்கையில கேக்க மாட்டோம்."

"அதுக்குள்ள ஆள் போயிட்டா?"

"ப்ளேன்லேர்ந்து எங்கிட்டு சார் எறங்கிப் போவாரு?"

சாரே சிரித்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது "அட்டையா, ரொக்கமா" என்கிற வாக்கியத்தை உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். ஒவ்வொரு தடவையும் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாய்.

படிப்பு முடியுமுன் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். உன் வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறதுடி. பாரிஸ் போகிற விமானம். தேர்வில் என்னிடமும் தள்ளுவண்டியைக் கொடுத்து விற்றுக்காட்டச் சொன்னார்கள். காசை மறக்காமல் கேட்டேன்.

முதலில் சென்னையில் பயிற்சி. பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும். "நான் பாத்துக்கிறேன், போயிட்டு வா" என்கிறார் மாமியார். முழித்து என்னைத் தேடினால்? உடம்பு சுட்டால்? இந்த வரியை எழுதுமுன் எழுந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சுடவில்லை.

வருகிறேனா இல்லையா என்று நாளைக்குள் விமானக் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சந்தோஷமா என்று வீட்டில் கேட்கிறார்கள். தெரியவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

அந்த வாக்கியங்கள் ஒன்றும் மறக்கவில்லை. தேர்விலும் காசு கேட்பதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்தினேன். எதிரே இருந்தவர் வாயில் இருந்ததை விழுங்கட்டும் என்று.

போகவாடி? சீக்கிரம் பதில் எழுது.