மூடிய வளைகள்

அன்செல்மோ,

கொட்டகையிலிருந்து எழுந்து வந்தால், அடுப்பில் மாட்டிறைச்சிக் குழம்பு இருக்கிறது. உன் குதிரை மோராவின் தோலை உரித்துக்கொள்ளப் பக்கத்துப் பண்ணை எவாரிஸ்தோ வருவான். வேண்டாமென்று அனுப்பிவிடு. அவளை நீயே புதை.

நான் நாய்களோடு மேய்ச்சல் நிலத்தில் இருப்பேன். காரணத்தைக் கேள். நிலத்தைக் குடைந்து வாழும் அந்த விஸ்காச்சாப் பேரெலிகளின் வளைகளை முந்தாநாள் நீ மண் போட்டு நன்றாகத்தான் அடைத்தாய். ஆனால் உள்ளே புதைந்தவற்றை மற்ற விஸ்காச்சாக்கள் கைவிடுவதில்லை. பக்கத்து வளைக் கூட்டம் இரவில் வந்து, வெளியிலிருந்து தோண்டி, அவற்றை விடுவித்துவிடும். அதனால்தான் அடைத்த இடத்தில் நாய்களைக் காவலுக்குக் கட்டுவது. நீ கட்டவில்லை. மூடிய நிலம் என்று நம்பி நேற்று மோராவை அங்கே விரட்டி ஓட்டினாய். திறந்து கிடந்த வளையில் அவள் முன்கால் இறங்கி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"என்னால முடியாது, நீயே அவ கழுத்த அறுத்துடு" என்று கத்தியை நீட்டினாய். அறுத்து முடித்ததும், "அடிப்பாவி, உனக்குக் கை நடுங்கவே இல்லையேடி!" என்று அலறி, அதைப் பிடுங்கி வீசிவிட்டுப் போனாய்.

இன்று எல்லா வளைகளையும் கல் வைத்து அடைக்கிறேன். தோண்ட வருவதை நாய்கள் கிழிக்கட்டும்.

தெல்மிரா

பி.கு.: கத்தி கிடைத்துவிட்டது. வெளியில் கிடப்பதையெல்லாம் விஸ்காச்சாக்கள் வளை வாசலுக்கு இழுத்து வந்து குவிக்குமே, அந்தச் சுள்ளிகளுக்கு நடுவே கிடந்தது. கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. புதைக்கும்போது அவள் கழுத்தைப் பார். இரண்டு வெட்டு இருக்கும். முதல் வெட்டில் எனக்குக் கை நடுங்கிவிட்டது.