துணைவேந்தரின் வாழ்த்தை மூடுவது எப்படி

டிசம்பர் 9

கேன்டீனில் இன்று என்ன சாப்பாடு என்று பார்க்கப் பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்தேன். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என் திரைவாசிப்பான் படித்தது: "படம்." அவ்வளவுதான். மெனு ஒரு படம். விடுதி அறிவிப்பு ஒரு படம். பேருந்து நேரமும் படம். இங்கே ஓர் அறிவிப்பு என்றால் அதில் பூவும் பொம்மையும் கலரும் போட்டுச் சுவரொட்டி மாதிரி வரைந்து அப்படியே ஒட்டிவிட்டால்தான் அலுவலகத்தாருக்குச் சோறு இறங்கும். பார்வை இல்லாத எனக்கு எல்லாம் ஒரே சொல்.

கடைசியில் அறைத்தோழி நாயோன்தான் படித்துச் சொன்னாள். "மீன் கேக் சூப்பு அக்கா. போகாதீங்க, போன வாரத்து மீனு."

போனேன். அவள் சொன்னது சரி.

டிசம்பர் 11

வசந்த பருவத்துக்கான வகுப்புப் பதிவு பிப்ரவரி 11, காலை பத்து மணி. ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கு இருபதே இடம். யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு.

போன தடவை மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையம் எனக்குப் பதிலாக ஒரு மாணவியை அழுத்த வைத்தது. அவள் பக்கத்து வகுப்பை அழுத்திவிட்டு, "ஸாரி, கை தவறிடுச்சு" என்றாள். கை தவறியது அவளுக்கு. அரை வருஷம் போனது எனக்கு. இந்த முறையும் விட்டால் மே மாதம் பள்ளிக்கூடப் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் நவம்பரில் ஆசிரியர் தேர்வு எழுத விடமாட்டார்கள். முழுசாக ஒரு வருஷம் போகும்.

மையத்துக்குப் போன் செய்தேன். "வழக்கம்போல ஒருத்தர ஏற்பாடு பண்ணிடறோம்" என்றார்கள்.

"வேணாம். நானே அழுத்தறேன்."

"எப்படிங்க?"

"தளத்த சரிபண்ணுங்க, அப்புறம் சொல்றேன் எப்படின்னு."

கணினி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள்.

டிசம்பர் 16

கணினி அலுவலகத் தலைவர் பெயர் மா. குரலில் காபி வாசம் அடிக்கும் ஆள். உட்காரச் சொன்னார், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், பிறகு பெருமையாக ஆரம்பித்தார்.

"இங்க பாரும்மா, மாற்றுத்திறனாளிங்க பயன்படுத்தலாம்னு நமக்குச் சான்றிதழே குடுத்திருக்காங்க. முதல் பக்கத்துலயே முத்திரை இருக்கு."

என் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, அந்த முத்திரைக்குப் போனேன். "படம்" என்றது.

"என்னால படிக்க முடியும்னு நீங்க வாங்கின முத்திரைய என்னால படிக்க முடியல சார்."

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மா-வுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "நான் திரைய அணைச்சிட்டு, காதால கேட்டே ஒரு வகுப்ப பதிவு பண்ணிக் காட்டறேன். நாளான்னிக்கு வா" என்றார்.

"முடியலன்னா?"

"ஜாஜாங் நூடுல்ஸ் என் செலவு."

ஆரஞ்சு நல்ல இனிப்பு. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 18

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. கோபமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

மா திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். பதிவுப் பக்கம் வரை போகவே இல்லை. வாசலிலேயே மாட்டிக்கொண்டார். தளத்தைத் திறந்ததும் முன்னால் வந்து நிற்கிறதே துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தி, அதை மூடத் தெரியவில்லை. மூடும் பட்டனுக்குப் பெயர் கிடையாது. விசையை அழுத்த அழுத்த "படம், பட்டன், பட்டன், படம்." என்ன அழுத்தினாலும் மறுபடி வாழ்த்துக்கே வந்து நிற்கிறது. மனுஷர் வியர்த்துப் போனார்.

"தினமும் இப்படியா?" என்று கேட்டார்.

"மூணு வருஷமா. யாராவது மூடிக் குடுத்தாதான் உள்ள போக முடியும்."

நூடுல்ஸ் வந்தது. பாதி கிண்ணத்தை உறிஞ்சி முடித்தார். பிறகு, "மத்ததெல்லாம் சரிபண்ணிடறேன். ஆனா இந்த வாழ்த்து மட்டும்... அத தொட முடியாதும்மா. பெரியவர் ஆசைப்பட்டுப் போட்டது. யார் போய் சொல்றது?"

"நீங்கதான்."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

அட! ஒரு வாழ்த்தை நகர்த்தச் சொன்னதற்குக் குடும்பமே தெருவில் நிற்கிற மாதிரி பேசுகிறார். அதை மூட முடியாவிட்டால் உள்ளே ஆயிரம் சரிசெய்து எனக்கு என்ன பிரயோஜனம்?

டிசம்பர் 24

பனி. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் நாயோனும் போகவில்லை.

ஜனவரி 2

விடுதியில் தங்கியவர்களுக்குப் புத்தாண்டு அரிசிக் கேக் சூப். துணைவேந்தரே ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டி பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே நாயோன் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அவருக்குப் பின்னால் அலுவலகத் தலைவர்கள் எல்லாரும். மா-வின் இருமலை வைத்து அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார் துணைவேந்தர். நல்ல குரல். "தளத்துல என் வாழ்த்த பாத்தீங்களா?"

மா பலமாக இருமினார்.

"மூணு வருஷமா உங்க வாழ்த்தோடதான் இருக்கேன் ஐயா" என்றேன். "அது என்னை உள்ளயே விட மாட்டேங்குது. மூடற பட்டனுக்குப் பேர் இல்ல. கேன்டீன் மெனுவுக்குப் போகணும்னாலும் நீங்கதான் குறுக்க நிக்கறீங்க."

கரண்டியிலிருந்து சூப் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. நாயோன் என் இடுப்பைக் கிள்ளினாள்.

"அத மூட முடியாதா?" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. அவமானப்பட்ட குரல் இல்லை, நிஜமாகவே தெரியாத குரல். "யாருமே எங்கிட்ட சொல்லலயே."

அப்புறம் என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

ஜனவரி 2, மாலை

வாழ்த்து போய்விட்டது! தளத்தைத் திறந்தால் நேரே உள்ளே. இருபது தடவை திறந்து மூடினேன், சந்தோஷம் தாங்காமல்.

மா போன் செய்தார். "எனக்கு மாரடைப்பே வந்திருக்கும். இப்படியா போட்டுக் குடுப்ப?" என்று ஆரம்பித்து, "பதிவுக்குள்ள எல்லாத்தையும் முடிங்கன்னு அவரே உத்தரவு போட்டுட்டார். நாளைக்கு வா, வேலை கிடக்கு" என்று முடித்தார். குரலில் காபி இல்லை, துள்ளல்.

ஜனவரி 22

மா-வோடு சண்டை. படத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னால் "அழகான அறிவிப்பு" என்று எழுதி வைத்திருக்கிறார்.

"அழகா இருக்கறது எனக்கு எதுக்கு சார்? என்ன எழுதியிருக்குன்னு போடுங்க!"

"கத்தாதம்மா, போடறேன்."

போட்டார். வகுப்புப் பட்டியலும் மாறிவிட்டது. முன்பு வரிசையாகப் பட்டன், பட்டன், பட்டன். இப்போது "ஆசிரியர் பயிற்சி, முதல் பிரிவு, பதிவு செய்" என்று பெயரோடு கூப்பிடுகிறது. வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்பது வெறும் சுழலும் படமாக இருந்தது. இனி அதுவும் பேசும். சாயங்காலம் போனபோது மா திரையை அணைத்துவிட்டுத் தானே சோதித்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். இப்போது யாரும் சொல்லாமலே அப்படித்தான் செய்கிறாராம்.

பிப்ரவரி 4

உதவி மையத்திலிருந்து போன். ஆள் வேண்டுமானால் இன்றே சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்றேன்.

நாயோனுக்கு ஆத்திரம். "வீம்புக்கு ஒரு வருஷத்த பலி குடுக்காதீங்கக்கா. ஒரு ஆள் இருந்துட்டுப் போகட்டுமே!"

வீம்புதானோ? தெரியலை. ஆனா இன்னொருத்தி விரல நம்பி உக்காந்திருந்தேனே அந்தக் காலை நேரம் — என்ன நடக்குதுன்னே தெரியாம — அது மறுபடி வேணாம். தோத்தா நான் தோத்ததா இருக்கட்டும். பயமா இருக்கு.

பிப்ரவரி 11

கிடைத்தது!!

இணைப்பு வேகமாக இருக்கும் என்று எல்லாரையும் போல நானும் பல்கலைக்கழக வாசலில் உள்ள கேம் சென்டருக்குப் போனேன், என் மடிக்கணினியோடு. ராம்யோன் நூடுல்ஸ் நெடி. நாலு பக்கமும் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாயோன் பக்கத்து நாற்காலியில்.

பத்து. அழுத்தினேன். "உங்களுக்கு முன்னால் முப்பத்தொரு பேர்." "பதினெட்டு. ஆறு." பக்கம் திறந்தது. மவுஸைத் தேடி நகர்த்துகிற வேலை எனக்கு இல்லை. என் விரல்களுக்கு வழி தெரியும், மா-வும் நானும் ஒரு மாதமாகப் போட்ட வழி. முதல் பிரிவு. பதிவு செய்.

"பதிவு முடிந்தது. தக் சோரிம்."

என் பெயரை முழுசாகச் சொன்னது. நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் ஓடி வந்தார். சுற்றிலும் "ஐயோ போச்சே", "நிறைஞ்சிடுச்சுடா" என்று ஒப்பாரி. நாயோனுக்கு அவள் கேட்ட நீச்சல் வகுப்பு கிடைக்கவில்லை. அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள்.

மா-வுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலாக ஒரு படம் வந்தது. கூடவே விளக்கமும் எழுதியிருந்தார்: "இரண்டு கையையும் தூக்கி ஆடும் கரடி."

மே 6

நடுநிலைப்பள்ளி. முப்பது குரல்கள் ஒன்றாக "வணக்கம் டீச்சர்". நானும் சத்தமாக வணக்கம் சொன்னேன்.

ஆகஸ்ட் 12

தேர்வுக்குப் படிப்பு, படிப்பு. மதியம் தோயுல் வந்தான். இந்த வருஷம் சேர்ந்த பையன், அவனுக்கும் பார்வை இல்லை. இன்று காலைதான் இலையுதிர் பருவப் பதிவு. முகத்தைத் தொங்கப் போட்டிருப்பது குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, இசை வகுப்பு போச்சு. நிறைஞ்சிடுச்சு."

எனக்குப் பகீரென்றது. "என்னாச்சு? பட்டன் பேசலயா? வரிசை எண் சொல்லலயா? எந்த இடத்துல மாட்டுன? மா சாருக்கு இப்பவே போன் போடறேன்."

"இல்லக்கா, தளம் நல்லாதான் இருக்கு." இழுத்தான். "நான்... தூங்கிட்டேன். எழுந்திருக்கறப்ப பதினொண்ணு."

சோம்பேறி, பொறுப்பு கெட்டவன், கும்பகர்ணன் வம்சம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மனசு நிறையத் திட்டினேன்.