பாதி வழியில் நின்ற கதவு

கனோரா, சஸ்காட்சுவான்
ஜனவரி 24

அன்பு மகள் லாரிசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை கேலமும் வெயிலில் சுருண்டுவிடாமல் நலமாக இருக்க வேண்டும். உனக்கு பிளஸ் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாய், அதே நாளில் எங்களுக்கு மைனஸ் முப்பத்தெட்டு, இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஒரு நல்ல ஏப்ரல் கிடைக்கும் என்றார் அப்பா. ஆறாம் தேதி நம் உக்ரேனியக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வழக்கமான பன்னிரண்டு பதார்த்தமும் செய்தேன், டயாலிசிஸ்காரருக்கு உருளைக்கிழங்கு ஆகாது என்று பைரோகிக் கொழுக்கட்டைக்குள் முட்டைக்கோஸ் வைத்தேன், ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு "இது பைரோகி இல்ல ஹன்யா, பைரோகியோட ஒண்ணுவிட்ட தம்பி" என்றார். ஆனால் ஏழு தின்றார்.

வீட்டை விற்றுவிட்டு யார்க்டனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஃப்ளாட்டுக்குப் போவது பற்றி இந்த மாத முடிவுக்குள் பதில் கேட்டிருந்தாய். சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் கராஜ் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும், சிரிக்காதே. போன வாரம் மூன்று நாள் குளிர் விட்டது, பிளஸ் இரண்டு, தெருவே வாளியும் கையுமாக வெளியே வந்து கார் கழுவியது உனக்குத் தெரிந்த கூத்துதான். நானும் சும்மா இருக்கவில்லை, ரோட்டு உப்பு அப்பிக் கிடந்த காரை கராஜுக்குள்ளேயே நிறுத்தி நன்றாகக் கழுவினேன். அப்பா கழுவினால் கடைசியில் தரைத் தண்ணீரையெல்லாம் கதவுக்கு வெளியே தள்ளி, கதவடியில் பழைய துண்டு போட்டு ஒற்றி எடுப்பார், முப்பத்தோரு வருடமாக அதைப் பார்த்து "என்ன, தரைக்குப் பவுடர் போடுறீங்களா" என்று கேலி செய்தவள் நான். துடைக்காமல் கதவை இறக்கிவிட்டுச் சூப் வைக்கப் போய்விட்டேன். அன்று இரவே குளிர் திரும்பிவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கு அப்பாவுக்கு யார்க்டனில் டயாலிசிஸ். அதற்கு முந்தின முறை, குளிர் விடுவதற்கு முன் அடித்த பனிப்புயல் ரோட்டை மூடியதால் தவறிப்போயிருந்தது, இன்னொரு முறை தவறவே கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், அவர் கால் இரண்டும் வீங்கி பூட்ஸுக்குள் நுழையவில்லை, படுத்தால் மூச்சு வாங்கியது. ஆறு மணிக்கு அவரைக் காரில் உட்காரவைத்து பட்டனை அமுக்கினேன், மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. மறுபடி அமுக்கப் போனேன், காருக்குள்ளிருந்து "கைய எடு! இன்னொரு தடவை அமுக்கினா மேல் பலகை பிச்சுக்கிட்டு வந்துரும்" என்று கத்தினார், அவ்வளவு சத்தம் அவரிடம் மிச்சம் இருந்தது என்றே எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால் கதவின் அடி ரப்பர் தரையோடு ஒரே ஐஸ், நான் துடைக்காமல் விட்ட தண்ணீர். கெட்டிலில் வெந்நீர் கொண்டுவருகிறேன் என்றேன். "ஊத்து, அஞ்சு நிமிஷத்துல ரெண்டு மடங்கு ஐஸ் கிடைக்கும்" என்றார். சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிடச் சொன்னார், உன் பழைய ஹேர் டிரையரைக் கொண்டுவரச் சொன்னார், கத்தி வேண்டாம் ரப்பர் கிழியும் என்றார். பைரோகி மாவு வழிக்கும் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது சரிதான், இருபது நிமிடம் ஆனது. ஒருவழியாக ரப்பர் விட்டது, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன், ஒரு சாண் எழும்பியது. அப்போது தலைக்கு மேலே வெடித்தது பார், துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம், கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தொப்பென்று விழுந்தது. மேலே ஸ்பிரிங் இரண்டு துண்டாகத் தொங்கியது. கை விரல் எதுவும் போகவில்லை, பயப்படாதே. அப்பா என்னைத் திட்டவில்லை, "குளிர்ல இரும்பும் பொறுமை இழக்கும், விடு" என்று மட்டும் சொன்னார். அந்த நிமிடம் நான் மனதுக்குள் உனக்குப் பதில் எழுதிவிட்டேன், விற்றுவிடலாம் லாரிசா, என்னால் முடியவில்லை என்று.

கராஜின் பக்கவாட்டுச் சின்னக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் எதிர்வீட்டு டுவெய்ன், பைஜாமாவுக்கு மேல் குளிர்கோட்டு, மூக்கெல்லாம் உறைபனி. எங்கள் வாசலில் பனியைத் தள்ளிவிட்டான் என்று அப்பா இரண்டு குளிர்காலமாக முகம் கொடுக்காத அதே டுவெய்ன். "ஸ்பிரிங்தானே?" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "மைனஸ் நாப்பதுல இப்படிச் சத்தம் வந்தா ஒண்ணு துப்பாக்கி, இல்ல ஸ்பிரிங். துப்பாக்கி இருந்திருந்தா உன் புருஷன் ஓரெஸ்ட் என்னை எப்பவோ சுட்டிருப்பான்" என்றான். அவன் பின்னாலேயே மூலை வீட்டு மரிவிக், இரவுப் பணி முடிந்து யூனிஃபார்மோடு, அவள் கணவன் ரோடெல் கையில் இரண்டு பிடிகுறடு. நான் யாரையும் கூப்பிடவில்லை லாரிசா. குளிரில் சத்தம் கண்ணாடி மேல் உருண்டதுபோல் தெருக்கோடி வரை போயிருக்கிறது, கேட்ட ஒவ்வொருவரும் அது என்ன என்று புரிந்து, அந்தக் காலையில் டயாலிசிஸ் என்பதையும் நினைத்து எழுந்து வந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. "முதுக வளைக்காத, கால்ல தூக்கு" என்று அப்பா காருக்குள்ளிருந்து அதிகாரம் செய்ய, "நீ வாய மூடிக்கிட்டு உக்காரு, இன்னைக்கு நீ வெறும் சரக்கு மூட்டை" என்றான் டுவெய்ன். நானும் டுவெய்னும் மரிவிக்கும் தூக்கினோம், எத்தனை கனம் தெரியுமா, என் தோள் இன்னும் வலிக்கிறது. ரோடெல் கதவு ஓடும் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் உருளைக்குக் கீழே குறடைக் கவ்வவிட்டான், கதவு நின்றது, நான் காரை எடுத்தேன். கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம், நர்ஸ் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தாள். அன்று மாலை அப்பாவின் கால் வீக்கம் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்து உடைந்ததையும் அதன் ஜோடியையும் கழற்றிப் புது ஸ்பிரிங் இரண்டு போட்டான், அதை மட்டும் நாம் தொடவே கூடாது, கதவின் கனத்தையெல்லாம் சுமக்க அதற்குள் சுருட்டி வைத்த பலம் ஆளைக் கொன்றுவிடும். முப்பத்தோரு வருடம் அந்தப் பலம் என் தலைக்கு மேல் இருந்திருக்கிறது, நான் ஒரு விரலால் பட்டனை அமுக்கி நானே கதவைத் திறந்ததாக நினைத்திருக்கிறேன். அவன் போன பிறகு அப்பா கம்பளிச் சட்டையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, உருளைக்கும் கீலுக்கும் எண்ணெய், கிரீஸ் வேண்டாம் குளிரில் பிசினாகிவிடும், அடி ரப்பருக்கு ஐஸ் ஒட்டாமலிருக்க சிலிக்கோன் ஸ்பிரே, என்று ஒவ்வொன்றாக என்னைச் செய்யவைத்தார். கடைசியில் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைப் பாதி உயரம் தூக்கிக் கையை விடச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை, அன்று விழுந்த சத்தம் காதிலேயே இருந்தது. "விடு ஹன்யா" என்றார். விட்டேன். விழவில்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, அத்தனை பெரிய இரும்புக் கதவு எதையும் பிடிக்காமல் என் இடுப்பு உயரத்தில் அப்படியே நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா எழுந்து வந்தார், இடது கையை நீட்டினார், டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கை அது, பால் கேனைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன கை. வேண்டாம் என்று கத்தினேன். "டாக்டர் கனத்தைத்தான் தூக்காதேன்னாரு, இதுல எங்க கனம் இருக்கு?" என்று இரண்டே விரலை அடியில் கொடுத்தார். கதவு உச்சி வரை எழும்பிப் போனது, வெளியே பனி மேல் வெயில் பளீரென்று உள்ளே வந்தது, எதிர்வீட்டிலிருந்து டுவெய்ன் கையசைத்தான், அப்பாவும் அசைத்தார், அதே கையை. டயாலிசிஸ் தொடங்கிய செப்டம்பரிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் அழுதேன், குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே என் பதில், இந்த வருடம் வீட்டை விற்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் உன் அப்பா தூக்கக்கூடியதாக ஒன்றாவது இங்கே இருக்கிறது. கேலமுக்கு என் அன்பைச் சொல், வெயிலில் தொப்பி போடு, கடவுள் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மார்ச்சில் வரும்போது குளிர் இருக்கும், ஞாபகம் வைத்துக்கொள், கராஜ் பட்டனை ஒரு தடவைதான் அமுக்க வேண்டும், கதவு வரவில்லையென்றால் மறுபடி அமுக்காதே, அப்பாவைக் கூப்பிடு.

ஆசீர்வாதங்களோடு,
உன் அம்மா
ஹன்யா