இரண்டு டிஸ்க்கிலும் இல்லாதது

அன்புத் தங்கைக்கு,

இங்கே நானும் அண்ணியும் நலம். அங்கே மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

போனில் பேசாமல் மெயில் எழுதுகிறானே என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது, "எல்லாம் முடிஞ்சுது, ஜம்முனு ஓடுது" என்றேன். அது பொய்.

நீ அனுப்பிய புது ஹார்ட் டிஸ்க்கை, இங்கே விட்டுப்போன உன் கம்ப்யூட்டரில் மாட்டக் கடைக்காரரைக் கூப்பிடச் சொல்லியிருந்தாய். முப்பது வருஷமாக ஒயரிங் பார்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்ற திமிர், நானே உட்கார்ந்தேன். பழையதில் இருப்பதையெல்லாம் புதிதில் நகலெடு, புதிதிலிருந்து கம்ப்யூட்டரைத் திற, நர்சுகளின் பேட்டிகள் கேட்கின்றனவா என்று பார், அப்புறம்தான் பழையதை ஜோடி சேர், சேர்த்தால் புதிதில் இருப்பதுதான் இரண்டிலும் இருக்கும் என்று நீ எழுதியதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

கம்ப்யூட்டர் திறந்தது. திரையில் குட்டியின் படம் வந்தது. விளக்கு எரிந்ததும் ஏணியை மடக்குவது என் தொழில் புத்தி. அண்ணியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். "அவ எழுதினதெல்லாம் பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள். "உன் வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டுப் பழையதைச் சேர்த்துவிட்டேன்.

பேட்டிகள் பழைய டிஸ்க்கில் தனிப் பகுதியில் இருந்திருக்கின்றன. நான் நகலெடுத்தது கம்ப்யூட்டரை ஓட்டும் பகுதியை மட்டும். இப்போது இரண்டு டிஸ்க்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன, இரண்டிலும் பேட்டி இல்லை. மூன்று வருஷம் வார்டு வார்டாக அலைந்து நர்சுகளிடம் நீ பதிவு செய்தது அத்தனையும் போச்சு. கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பழசு மேலேயே புதுசு எழுதிருச்சுங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லத்தான் நினைத்தேன். "எங்கண்ணன் பெரிய எஞ்சினியராக்கும்" என்று நீ மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது, பொய்யைச் சொல்லிவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அண்ணிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

நேற்று அவள் சொல்கிறாள், இங்கே எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில், உன் பழைய லேப்டாப்பை அழித்துச் சுத்தம் செய்து வெள்ளிக்கிழமை யாருக்கோ கொடுக்கப்போகிறாயாம். போன வருஷம் வரைக்குமான பேட்டிகள் அதில்தானே இருக்கின்றன! அதைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதை அழித்துவிடாதே அம்மா. முதலில் எழுந்து போய் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டு. அப்புறம் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, போனை வைக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்